பெரிய பாட்டு, சிறிய மேடை

'தளபதி' 1991இல் வந்த படம். அதில் வரும் 'ராக்கம்மா கையத் தட்டு' பாட்டுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ அரூர்ப் பக்கத்திலோ மாரியம்மன் பண்டிகைக்கு மேடை போட்டால், அந்தப் பாட்டைக் கேட்டுச் சீட்டு வந்துகொண்டே இருக்கும். பி.பி.சி. உலக சேவை 2002இல் நடத்திய வாக்கெடுப்பில் உலகின் முதல் பத்துப் பாட்டுகளில் நான்காவதாக வந்ததும் இதுதான். ஒலிப்பதிவில் அதைத் தூக்கி நிறுத்துவது வயலின் கூட்டம். தந்திக் கருவிகள் அடுக்கடுக்காகப் பிரிந்து ஓடும். நடுவே அப்பர் தேவாரம் ஒன்று வந்து போகும். மறுபடி தாளம் பிய்த்துக்கொண்டு கிளம்பும். பண்டிகை மேடையில் இருப்பவர்களோ எட்டுப் பேர். இரண்டு கீ போர்டு, ஒரு லீடு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், டிரம்ஸ், பேட், தபேலாவையும் டோலக்கையும் மாற்றி மாற்றி வாசிக்க ஒருவர், வசதிப்பட்டால் ஒரு புல்லாங்குழல். வயலின் ஒன்றுகூடக் கிடையாது.

அப்படியும் அது ராக்கம்மாவாகத்தான் கேட்கிறது. பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை பார்த்துவிட்டுப் பண்டிகைக்கு ஊர் திரும்பிய பையன்கள் முதல் இரண்டு நொடியிலேயே விசிலடித்துவிடுகிறார்கள். பெரிய வாத்தியக் கூட்டம் வாசிக்க எழுதியதை எட்டுப் பேருக்குள் இறக்கும் இந்த வேலையைக் 'காப்பி' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெட்டைத் தொடாமல் அதைச் சுமக்கும் கருவிகளை மட்டும் மாற்றுவது, சேர்ந்திசை உலகில் தனித் தொழில். அதற்கென்று மரியாதையும் கூலியும் உண்டு. தருமபுரி மேடையில் அந்தத் தொழிலைச் செய்கிறவருக்கு இரண்டும் குறைவு.

ஐரோப்பாவிலும் இது கௌரவக் குறைச்சலாக இருந்ததில்லை. மொஸார்ட்டின் 'சராய் மாளிகையிலிருந்து கடத்தல்' இசை நாடகம் 1782 ஜூலை 16 அன்று வியன்னாவில் அரங்கேறியது. நான்கு நாள் கழித்து அவர் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் ஓர் அவசரம் தெரிகிறது: முழு நாடகத்தையும் காற்றுக் கருவிக் குழுவுக்கு உடனே மாற்றி எழுதியாக வேண்டும், தாமதித்தால் வேறு எவனாவது முந்திக்கொண்டு காசு பார்த்துவிடுவான் என்கிறார். அரங்கத்தில் வெற்றி பெற்ற பாட்டுகளைத் தோட்டத்திலும் தெருவிலும் விருந்துக் கூடத்திலும் எட்டுப் பேர் கொண்ட காற்றுக் கருவிக் குழு வாசிப்பது அந்த ஊர் வழக்கம். ஓபோ இரண்டு, கிளாரினெட் இரண்டு, ஹார்ன் இரண்டு, பசூன் இரண்டு. எண்ணிக்கையில் நம் பண்டிகை மேடைக்குச் சரியாக வருகிறது.

இன்னொரு வியன்னா உதாரணம் இதைவிட நெருக்கமானது. முதல் உலகப் போர் முடிந்த 1918 நவம்பரில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க் அங்கே ஒரு தனியார் இசைச் சங்கம் தொடங்கினார். புதிய இசையைக் கேட்க வேண்டும், பெரிய ஆர்கெஸ்ட்ராவை வைக்கப் பணமில்லை. ஆகவே பெரும் படைப்புகளைச் சிறு குழுவுக்குச் சுருக்கினார்கள். மாலரின் நான்காம் சிம்பொனியை எர்வின் ஸ்டைன் 1921இல் பத்துப் பன்னிரண்டு பேருக்குள் அடக்கினார். விடுபட்ட காற்றுக் கருவிகளின் இடத்தை நிரப்ப அவர்கள் வைத்துக்கொண்டது என்ன தெரியுமா? ஆர்மோனியம். தருமபுரி, சேலம் வட்டாரக் கூத்துமேடையில் விடிய விடிய எல்லாப் பாத்திரத்துக்கும் சுருதி கொடுத்து, பாட்டுக்குப் பாட்டு இடைவெளியை நிரப்பிக்கொண்டிருக்கும் அதே பெட்டிதான் (அங்கே இருந்தது கால்மிதியோடு கூடிய பெரிய வகை). அந்தப் பெட்டியை அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஒதுக்கி வைத்திருந்தது; கூத்துக்காரர்கள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் (1798–1832) அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வாசித்தது. சென்னைக் கோட்டைப் பேண்டின் மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரப் பாடல்கள். இது ஒரு திசைப் பயணம்: பேண்டிலிருந்து குரலுக்கு. எதிர்த்திசையில் போக நினைத்தவர் ஏ.எம்.சின்னசாமி முதலியார். நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்து கோட்டுக் குறியீட்டில் எழுதி 1893இல் சென்னையில் நூலாக அச்சிட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு 1952இல் டில்லி வானொலியில் 'வாத்ய விருந்தா' என்ற தேசிய வாத்தியக் குழு உருவானபோது ரவிசங்கரும் டி.கே.ஜெயராம ஐயரும் அதை நடத்தினார்கள். வீணையும் சிதாரும் புல்லாங்குழலும் ஒன்றாக உட்கார்ந்து எழுதி வைத்த இசையை வாசித்தன. அது நேயர்களின் காதில் பதிந்த அளவு நெஞ்சில் பதியவில்லை என்பது என் எண்ணம். தமிழனின் நெஞ்சில் சேர்ந்திசையைப் பதிய வைத்தது சினிமாதான்.

சினிமாவுக்குள் அந்தக் கலை வந்த வழி சுவையானது. இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன் 1952இல் இளவயதில் இறந்தபோது, அவர் குழுவில் இருந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து இசையமைக்கத் தொடங்கி 1965 வரை இணைந்திருந்தார்கள். மெட்டு அவர்களுடையது, அந்த மெட்டைச் சுற்றி வயலின்களையும் அக்கார்டியனையும் குழல்களையும் அடுக்கும் வேலையில் ஹென்றி டேனியல், ஜோசப் கிருஷ்ணா போன்றோர் கைகொடுத்தனர். 1964இல் வந்த 'புதிய பறவை'யில் 'எங்கே நிம்மதி' பாட்டைக் கேளுங்கள். ஒரு மனிதனின் குழப்பத்தைச் சொல்ல அத்தனை பெரிய வாத்தியக் கூட்டம் திரண்டு எழுகிறது. அதை யார் எந்தக் கருவிக்கு எழுதினார்கள் என்று படத்தின் டைட்டிலில் தேடினால் விவரம் கிடைக்காது. வாத்தியங்களை அடுக்கியவர் பெயர் வெளியே வராமல் போவது கிராமத்து மேடைக்கு மட்டும் நேர்ந்த குறை இல்லை.

'அன்னக்கிளி' 1976இல் வந்தபோது இந்த ஏற்பாடு உடைந்தது. மெட்டுப் போடுகிறவரும் வாத்தியங்களுக்கு எழுதுகிறவரும் ஒரே ஆள் ஆனார்கள். இளையராஜா மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றவர், ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து கன்னடப் படங்களுக்கு வேலை செய்தவர். ஒவ்வொரு கருவிக்கும் தாளில் எழுதிக் கொடுத்து, எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து ஒலிப்பதிவு செய்வது அவர் முறை. ஆனால் அவர் இதைக் கற்றது தாளில் மட்டும் என்று நினைத்தால் தவறு. அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் போனவர் அவர். பிறகு எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் சகோதரர்களோடு வாசித்தார். ஆர்மோனியம், கிட்டார், தாளக் கருவி என்று விரல் விட்டு எண்ணக்கூடிய வாத்தியங்களை வைத்துக்கொண்டு, அன்றைய படப் பாட்டுகளைக் கூட்டத்துக்கு ஒப்பேற்ற வேண்டிய மேடைகள் அவை. எதை விட்டால் பாட்டு செத்துவிடும், எதை விட்டாலும் பிழைக்கும் என்ற கணக்கை அங்கேதான் படிக்க முடியும். பின்னாளில் 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவெண்டிம் அப்பல்லோ அரங்கில் தன் சிம்பொனியை அரங்கேற்றியவரின் தொழிற்பயிற்சி சிறிய மேடையில் நடந்தது. ஆகவே சிறிய மேடையைப் பெரிய இசையின் மங்கிய நகல் என்று பார்ப்பதைவிட அதன் பட்டறை என்று பார்ப்பதே சரி.

அந்தப் பட்டறையில் என்ன நடக்கிறது?

முதலில் பாடகரின் கட்டை. படத்தில் பாடியவரின் சுருதியில் ஊர்ப் பாடகர் பாட முடியாது. ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்குவார். கீ போர்டுகாரருக்கு அது ஒரு பொத்தான் வேலை. கிட்டார்காரருக்கு விரல் மாறுகிறது. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வைச் சுருதி இறக்கி வாசிக்கச் சொன்னால், அந்தத் தொடக்கக் கிட்டார் வரியில் திறந்த தந்திகள் தரும் இனிமை எங்கோ போய்விடும். அந்த வரி சொதப்பினால் பாடகர் வாய் திறப்பதற்குள் கூட்டம் ஊளையிடும். அதனால் சில குழுக்களில் அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் கிட்டாருக்காகப் பாடகர் சுருதியை விட்டுக்கொடுப்பதுண்டு. கூட்டத்தின் நினைவில் எது ஆழமாகப் பதிந்திருக்கிறதோ அதற்கே முன்னுரிமை.

அடுத்தது, எதை வைப்பது, எதை விடுவது. வாத்தியங்களைச் சுருக்குகிறவர் எந்த நாட்டிலும் மூன்றைக் காப்பாற்றுவார்: மேலே மெட்டு, கீழே பேஸ், இரண்டையும் கட்டும் தாளம். நடுவே நிரப்பும் ஸ்வரங்களில்தான் கத்தரி விழும். இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் வெறும் அடித்தளமாக நிற்பதில்லை. தனியாக ஒரு மெட்டுப் பாடிக்கொண்டே போகும். 'ரெட்டை வால் குருவி'யின் (1987) 'ராஜ ராஜ சோழன் நான்' அதற்குச் சாட்சி. காசு குறைந்த ஊரில் ஆறு பேராகச் சுருங்கும்போது பேஸ் கிட்டாரைத்தான் முதலில் கழிப்பார்கள். இது பெரிய பிழை. இரண்டாவது கீ போர்டைக் கழித்தாலும் அந்தப் பாட்டு நிற்கும். பேஸ் இல்லாவிட்டால் பள்ளி ஆண்டுவிழாப் பாட்டாகிவிடும்.

நடுவே வெட்டிய இடம் வெறிச்சென்று தெரியாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வியன்னாவின் காற்றுக் கருவிக் குழுவுக்குக் கிடைக்காத ஒரு வசதி நம் மேடைக்கு இருக்கிறது: கேட்பவர்கள் மூலத்தை நூறு முறை கேட்டவர்கள். டீக்கடையில், பஸ்ஸில், கேசட்டில், இப்போது கைபேசியில். மேடை நான்கு ஸ்வரம் சொன்னால் மீதி எட்டை அவர்கள் காதே போட்டுக்கொள்கிறது. நல்ல கீ போர்டுகாரர் அந்த நான்கு எவை என்று அறிந்தவர்.

வயலின் கூட்டத்தைக் கீ போர்டில் கொண்டுவருவது தனி வித்தை. 'ஸ்டிரிங்ஸ்' டோனை வைத்து விரலை அழுத்தினால் ஒலி உடனே வராது. மெல்ல ஊறி எழும். நீண்ட ஸ்வரங்களுக்கு அது அழகு. ராக்கம்மாவில் வருவது போன்ற வேகமான ஓட்டத்துக்கு அதே டோனை வைத்தால் வயலின் தாளத்துக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். அதனால் அடியில் பியானோ போன்ற கூர்மையான டோன் ஒன்றைக் கலந்துவிடுவார்கள். அல்லது வெட்டு வயலின் டோனுக்குத் தாவுவார்கள். வயலினின் கடைசித் தந்தி, பியானோவின் நடு ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கீழே உள்ள 'ஜி'யோடு நின்றுவிடும்; அதற்குக் கீழே வியோலா, செல்லோவின் ராஜ்யம். கீ போர்டு இந்த எல்லையைச் சொல்லாது, எல்லாக் கட்டையிலும் ஒரே டோன்தான் ஒலிக்கும். விஷயம் தெரிந்தவர் இடக்கையைக் கீழே நெருக்கி வைக்க மாட்டார். அகலமாக விரித்து, காந்தாரத்தை மேலே ஏற்றிவிடுவார். கீழே நெருக்கி வாசித்தால் பொட்டலில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்களில் அது வெறும் உறுமலாகப் போகும். திறந்தவெளியில் ஒலியைத் திருப்பித் தரச் சுவர் கிடையாது. அரங்கத்தில் பத்து வயலின் தருகிற நிறைவை பண்டிகை மைதானத்தில் பத்து வயலினே வந்தாலும் தராது. அங்கே கீ போர்டின் செயற்கைத் தடிமன் ஒருவகையில் பொருத்தமானதும்கூட.

கமகம்தான் தீராத சிக்கல். இடக்கைப் பக்கம் இருக்கும் சுழல் சக்கரத்தை உருட்டி ஸ்வரத்தை வளைக்கிறார்கள். சிலர் கை அதில் அற்புதமாகப் பேசும். கமகத்தையும் மேற்கத்திய ஸ்வரக்கட்டையும் ஒன்றாக வைப்பது பெரிய வித்வான்களுக்கே எளிதாக இருந்ததில்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986) தொகுப்பில் தனி வயலின் வாசித்த வி.எஸ்.நரசிம்மன் பின்னர் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் அமைத்து, கர்நாடகக் கீர்த்தனைகளை இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்கு எழுதினார். ஒரு குரலுக்கு என்று பிறந்த கீர்த்தனையை நான்கு பேருக்குப் பகிர்ந்துகொடுத்த அந்த முயற்சியை, பண்டிகை மேடைக் கீ போர்டுகாரர்கள் அவசியம் கேட்க வேண்டும். அவர்கள் தினமும் மோதும் கேள்விக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது.

ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த 'ரோஜா' (1992) வந்த பிறகு சிரமத்தின் தன்மையே மாறியது. அதற்கு முன் பாட்டு ஸ்வரங்களில் இருந்தது. ஸ்வரங்களை எழுதி எடுத்தால் எந்தக் கருவியிலும் ஓரளவு கொண்டுவரலாம். ரஹ்மானின் பாட்டில் ஒலியின் நிறமே பாட்டின் பாதி. கணினியில் செதுக்கிய அந்த நிறத்தை ஊர்க் கீ போர்டில் எங்கே தேடுவது? பல குழுக்கள் பென் டிரைவில் குரல் நீக்கிய 'மைனஸ் டிராக்' போட்டுவிட்டு முன்னால் பாடகரை நிறுத்தும் பழக்கத்துக்கு வந்தது இந்த வழியில்தான். செலவு மிச்சம் என்பது இன்னொரு காரணம். இதைத் தொழில்நுட்பத்தின் வளர்ச்சி என்று என்னால் பாராட்ட முடியவில்லை. டிராக் ஓடும் மேடையில் பாடகர் ஒரு வரியைத் திரும்பப் பாட முடியாது. ஆட்டம் சூடு பிடித்ததென்று சரணத்தை நீட்ட முடியாது. எட்டுப் பேர் இருந்தால் கண் ஜாடையில் நடக்கிற காரியம் இது.

தருமபுரிக்கே உரிய விஷயம் ஒன்று பாக்கி. சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் பிரிந்து, 2004இல் கிருஷ்ணகிரியைப் பிரித்துக் கொடுத்த இந்த மாவட்டத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்குகின்றன. ஒரே இரவில் மூன்று மொழிப் பாட்டுக்கும் சீட்டு வருவதால் இங்குள்ள குழுக்களின் கை நீளம். அதே மண்ணில் பம்பையும் வாழ்கிறது. மாசியில் அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளை, சித்திரை வைகாசியில் மாரியம்மன் கரகம், எதுவானாலும் பம்பையும் சிலம்பும் இல்லாமல் சாமி இறங்காது. மரத்தில் ஒன்றும் உலோகத்தில் ஒன்றுமாக இரண்டு உருளை முழவுகளைச் சேர்த்துக் கட்டி, இடுப்பில் மாட்டிக் குச்சியால் அடிக்கும் கருவி. இரண்டுக்கும் இரண்டு நிறம், இரண்டு உயரம். வாத்தியங்களுக்கு எழுதுகிறவர் காதில் விழுந்தால் எச்சில் ஊற வேண்டிய ஒலி.

நடப்பது என்னவென்றால், மாலை ஆறு மணிக்குப் பம்பைக்காரர்கள் கரகத்தோடு ஊரைச் சுற்றிவிட்டு வந்து மேடை ஓரத்தில் சாப்பிட உட்காருவார்கள். இரவு பத்து மணிக்கு மேடையில் கிராமியப் பாட்டு ஒன்று தொடங்கும். அதற்குப் பம்பை ஒலி வேண்டும். பேட் வாசிப்பவர் ஒரு பொத்தானை அழுத்திப் பதிவு செய்து வைத்த பம்பையைக் குச்சியால் தட்டுவார். உண்மையான பம்பை பத்தடி தூரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும்.

மேடைக்காரர்களிடம் கேட்டால் நியாயமான காரணங்கள் சொல்வார்கள். சத்தம் அதிகம், பாடகர் மைக்கில் புகுந்துவிடும். அவர்கள் வாய்ப்பாடமாகக் கற்றவர்கள், இத்தனை ஆவர்த்தனத்தில் நிறுத்து என்றால் நிறுத்த மாட்டார்கள். இரண்டுமே தீர்க்கக்கூடியவை. 1908இல் இறந்த ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் வாத்திய அமைப்பு நூல் 1913இல் வெளிவந்தது. அதில் ஒரு கணக்கு இருக்கிறது: பலமாக வாசிக்கும்போது ஒரு டிரம்பெட்டுக்கு இரண்டு ஹார்ன் ஈடு, ஒரு ஹார்னுக்கு இரண்டு கிளாரினெட் ஈடு. சத்தமான கருவியைத் தள்ளி வைக்காமல் எடை போட்டு இடம் கொடுக்கும் வழி இது. பம்பைக்கும் அப்படி ஒரு கணக்கை நாம் போட வேண்டும். பாடகர் பாடும்போது பம்பை சும்மா இருக்கட்டும். இடையிசையில் பேச்சும் மறுபேச்சுமாக டிரம்ஸோடு மோதட்டும். மேடையில் இடமில்லையென்றால் கீழே, கூட்டத்தின் நடுவே நிற்கட்டும். நாதஸ்வரம் சேர்ந்தால் கவனம் இன்னும் கொஞ்சம் வேண்டும். திமிரிக்கு ஒரு சுருதி, பாரிக்கு ஒரு சுருதி, நாதஸ்வரக்காரருக்குக் கீ போர்டில் இருப்பது போன்ற பொத்தான் கிடையாது. அந்தப் பாட்டுக்கு மட்டும் கீ போர்டும் பாடகரும் நாதஸ்வரத்தின் கட்டைக்கு வரவேண்டும். வாய்ப்பாடம் என்பதும் தடையே இல்லை. பம்பைக்குப் பொருத்தமான குறியீட்டுக்கு இரண்டு கோடு போதும்: மேலே ஒரு முழவு, கீழே ஒரு முழவு. எத்தனை ஆவர்த்தனம், எங்கே தீர்மானம் என்பதைச் சொல்கட்டாகச் சொன்னால், எட்டு மணி நேரம் கரகத்தைத் தூக்கி ஆட வைக்கிறவருக்கு அது பிடிபட அரைமணி நேரம் ஆகாது.

தாளில் எழுதுவது பற்றிக் கடைசியாக ஒரு வேண்டுகோள். பண்டிகை மேடைக் கீ போர்டுகாரர்கள் பலரிடம் பழைய நோட்டுகள் இருக்கும். 'ஏ மைனர்', 'ஸரிகம', '2ஆவது பி.ஜி.எம். புளூட்', 'இங்கே கட்' என்று அவரவர் பாஷையில் எழுதியவை. அவற்றில் ஒரு பாட்டு எந்த ஊரில், எத்தனை பேருக்காக, எந்தக் கட்டையில் இறக்கப்பட்டது என்ற விவரமும் தேதியும் சேர்த்து எழுதுங்கள். தொழிலை விடும்போது எடைக்குப் போடாதீர்கள்; ஒரு பிரதியை மாவட்ட மைய நூலகத்திலோ பக்கத்துக் கல்லூரியின் தமிழ்த் துறையிலோ கொடுத்து வையுங்கள். விழாக் கமிட்டியார் நோட்டீஸ் அடிக்கும்போது பாடகர் பெயருக்குக் கீழே 'வாத்திய அமைப்பு' என்று இன்னொரு பெயரையும் போடுங்கள். அடுத்த பண்டிகையில் பம்பைக்காரரை ஒரு பாட்டுக்காவது மேடைக்குக் கூப்பிட்டு, அதற்கும் தனியாகக் கூலி கொடுங்கள்.